புதுப்பிப்பு: லேசா மிதிச்சா திக்கின இன்ஜின், காரணம் கிடைச்சாச்சு

போன மாசம் எழுதியிருந்தேன்ல: என் பழைய பெட்ரோல் கார் குன்னூர்ல இருந்து ஊட்டி ஏறும்போது, ஆக்சிலரேட்டரை லேசா தொட்டா திக்கும், அழுத்தி மிதிச்சா பறக்கும்.

"ஊட்டி 2,240 மீட்டர், காத்து அடர்த்தி கம்மி, அதான்"னு பலர் சொன்னீங்க. மேட்டுப்பாளையம் இறங்கியும் அதே கதைதான். ஒர்க்‌ஷாப்ல பிளக் மாத்தினாங்க, அடுத்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளுற பம்ப்தான் கோளாறுன்னாங்க. பம்ப் சரியில்லேன்னா முழு மிதியிலதானே திணறணும்? வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

அருவங்காட்டுல சித்தப்பா வீட்டு வாசல்லயே பார்த்தோம். வேக்யூம் ஹோஸ்ல, அதாவது இன்ஜினோட உறிஞ்சு விசை போற ரப்பர் குழாய்ல, லீக் இல்லை. அடுத்து த்ராட்டில் பொசிஷன் சென்சார்: நாம மிதிக்கிறப்ப இன்ஜினுக்குக் காத்து போற வழி எவ்வளவு திறக்குதுன்னு வோல்டேஜா சொல்றது. சாவி ஆன், இன்ஜின் ஆஃப். டிஜிட்டல் மீட்டர்ல ஒண்ணும் தெரியல, படக்குனு வந்து போறதை அது சில சமயம் காட்டாம விட்டுடும். சித்தப்பா பரண்ல இருந்து தூசி தட்டி பழைய முள் மீட்டரை எடுத்தார். நான் மெதுவா மிதிக்க மிதிக்க, அரை வோல்ட்ல இருந்து முள் சீரா ஏறுச்சு, 0.9 கிட்ட படக்குனு விழுந்து எழுந்துச்சு. "மறுபடி மிதிடா"ன்னார். அதே இடம், அதே துள்ளல்.

சென்சாருக்குள்ள இருக்குற கார்பன் தடம் அங்க தேஞ்சுபோச்சு. மலைவளைவுல கால் பாதி நேரம் அந்த இடத்துலதானே நிக்குது! செக் இன்ஜின் லைட் மட்டும் கடைசிவரை எரியவேயில்லை.

புது சென்சார் போட்டாச்சு. நேத்து கேத்தி வரைக்கும் ஓட்டினேன், திக்கல. சென்சாரைப் பாருங்கன்னு முதல்லயே சொன்ன அண்ணே, குன்னூர் வந்தா டீ என் கணக்கு.