பெசன்ட் நகரில் ஒதுங்கிய நீல உயிர்: அட்லாண்டிகஸா, மார்ஜினேட்டஸா?

கரைநடை:
வாடைக் காற்று அடித்து ஓய்ந்த பிறகு, இன்று காலை எலியட்ஸ் கடற்கரையில் நீலப் பொத்தான் எனப்படும் வட்டமான மிதவை உயிர்களான போர்பிட்டாக்களோடு இதுவும் ஒதுங்கிக் கிடந்தது. நீளம் ஒரு ரூபாய் நாணயத்தில் பாதிதான். இரு பக்கமும் விரல் விரலாக நீட்சிகள். படம் இணைத்திருக்கிறேன். இது என்ன இனம்?

கடல்மணி:
நீல டிராகன். கிளாக்கஸ் அட்லாண்டிகஸ். இந்த நிறத்தில் இப்படி மிதக்கும் ஓடில்லாக் கடல் நத்தை வேறு எது?

உப்பங்கழி:
பெயரிலேயே அட்லாண்டிக் இருக்கிறது. வங்காள விரிகுடாவில் அது எப்படி வரும்? முதலில் பரவலை, அதாவது எந்தெந்தக் கடல்களில் வாழ்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நெய்தல்:
இரண்டு பேருமே அவசரப்படுகிறீர்கள். இயற்கையியலாளர் ஃபார்ஸ்டர் 1777இல் வைத்த பெயர் அது. முதலில் விவரித்தவர் சூட்டிய பெயர் அந்த உயிருக்கு எல்லைக்கோடு ஆகாது. அட்லாண்டிகஸ் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் மிதக்கிறது. ஆகவே பரவலை வைத்து அதை இங்கே விலக்க முடியாது. நிறமும் உதவாது. வயிற்றில் காற்றுக் குமிழியை வைத்துக்கொண்டு மல்லாந்து மிதப்பதால், மேலே தெரியும் நீலம் உண்மையில் அதன் அடிப்பக்கம். இந்த நீலம் அதே பேரினத்தைச் சேர்ந்த கிளாக்கஸ் மார்ஜினேட்டஸுக்கும் உண்டு.

விரல்களைத்தான் எண்ண வேண்டும். அட்லாண்டிகஸில் ஒவ்வொரு கொத்திலும் விரல்கள் ஒரே வரிசையில் விசிறிபோல் விரியும். வால் நீண்டு மெலியும். மார்ஜினேட்டஸில் விரல்கள் பல வரிசைகளாக அடர்ந்திருக்கும், வால் குட்டை. ஈர மணலில் எல்லாம் ஒட்டிக்கொள்வதால் இந்தப் படத்தில் எண்ண முடியவில்லை. கரைநடை, கடல்நீர் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டுப் படம் எடுக்க முடியுமா? கையால் தொடாதீர்கள். போர்த்துக்கீசியப் போர்க்கப்பல் என்னும், சொறிமீன் போன்ற உயிரைத் தின்று, அதன் கொட்டும் செல்களை விரல் நுனிகளில் சேர்த்து வைத்திருக்கும் உயிர் இது.

கரைநடை:
தேங்காய் ஓட்டால் அள்ளிப் பாத்திரத்தில் விட்டேன். புதிய படம் இதோ. ஒரு கொத்தில் முன்னும் பின்னுமாகக் குறைந்தது இரண்டு வரிசைகள் தெரிகின்றன.

கடல்மணி:
அட்லாண்டிகஸ் 3 செ.மீ. வரை வளரும். இது குட்டியாக இருக்கலாமே?

நெய்தல்:
குட்டிக்கு விரல்களின் எண்ணிக்கை குறையும், வரிசை இரட்டிக்காது. இதில் எண்ணிக்கையும் அதிகம், அடர்த்தியும் அதிகம். வாலைப் பாருங்கள், கொத்து முடிந்த இடத்திலேயே அதுவும் முடிந்துவிடுகிறது. இது மார்ஜினேட்டஸ்.

கடல்மணி:
புதிய படத்தைப் பார்த்த பிறகு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் விடையும் முழுமையானதில்லை. 2014இல் மரபணுவைச் சோதித்து மார்ஜினேட்டஸை நான்காகப் பிரித்துவிட்டார்களே! பென்னெட்டே, மெக்ஃபார்லேனி, தாம்சோனி என்று மூன்று புதிய இனங்கள். வெளித்தோற்றத்தில் அவற்றை எப்படிப் பிரிப்பீர்கள்?

நெய்தல்:
பிரிக்க முடியாது. பரவல் உதவுவது இங்கேதான். அந்த மூன்றும் பசிபிக்கில் கிடைத்தவை: இரண்டு வடக்கில், ஒன்று தெற்கில். இந்தியப் பெருங்கடலில் கிடைத்தது மார்ஜினேட்டஸ் மட்டுமே.

உப்பங்கழி:
சற்று முன் பரவலைச் சொன்னதற்கு என்னைத் திருத்தினீர்கள். இப்போது நீங்களே அதன்மேல் நிற்கிறீர்கள். காற்றோடும் நீரோட்டத்தோடும் அலையும் உயிருக்கு, அங்கே கிடைத்தது என்பதால் இங்கே இல்லை என்று ஆகிவிடுமா?

நெய்தல்:
நியாயமான கேள்வி. நீங்கள் பெயரை வைத்துச் சொன்னீர்கள், நான் மாதிரிகள் கிடைத்த இடங்களை வைத்துச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் பரவல் சாய்வைத்தான் தரும், தீர்ப்பைத் தராது. அதனால் பதிவில் "மார்ஜினேட்டஸ் குழு" என்று எழுதுவோம்.

கடல்மணி:
எனக்கு அது போதாது. குழு என்று எழுதினால் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கரைநடை, அது இறந்துவிட்டால் எத்தனாலில் போட்டு வையுங்கள். ஃபார்மலின் வேண்டாம், மரபணு கெட்டுவிடும். நாள், இடம், நீளம் மூன்றையும் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள்.

கரைநடை:
இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வால் அசைகிறது.