ங்கோரோங்கோரோவில் எங்கள் வண்டி நிழலில் படுத்த சிங்கம்

தான்சானியா போய் வந்தவர்களில் பாதிப் பேர் செரெங்கெட்டி சரணாலயப் புராணம்தான் பாடுவார்கள். என்னைக் கேட்டால் ங்கோரோங்கோரோவில் ஒரு நாள் இருந்தாலே போதும் என்பேன். இருபது முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஓர் எரிமலை வெடித்து, உள்வாங்கி உண்டான பள்ளம் அது. கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் அகலம், 600 மீட்டர் ஆழம். அடித்தரை மட்டும் 260 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் மதில் போல மலை. சிங்கம், எருமை, வரிக்குதிரை, நீர்யானை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஒட்டகச்சிவிங்கியைத்தான் அங்கே பார்க்க முடியாது. சரிவு செங்குத்து, இறங்கினாலும் தின்பதற்கு மரம் குறைவு.

பள்ளத்துக்குள் இறங்க ஆளுக்கான நுழைவுக் கட்டணம் போக, வண்டிக்கென்று தனியாக 295 டாலர் வாங்கினார்கள். தனி வண்டி கட்டுப்படியாகாது என்று அருஷா நகரில் ஒரு கூட்டு சஃபாரியில் சேர்ந்துகொண்டேன். கூட வந்தவர்கள் ஒரு ஸ்பெயின் தம்பதி, குழந்தை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்த ஒரு ஜெர்மன் இளைஞர், தார் எஸ் சலாமில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குஜராத்திக் குடும்பத்துப் பாட்டி ஒருவர், அவருடைய பேரன். காலையில் கராட்டு ஊரில் வண்டி ஏறும்போதே டிரைவர் பாட்டியைப் பார்த்து ஸ்வாஹிலியில் "ஷிகமோ, பீபி" என்று வணங்கினார். பாட்டியும் "மரஹபா" என்று பெரிய மனுஷியாகப் பதில் சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் அந்த சீட்டை யாரும் கேட்கவில்லை.

மேலே விளிம்பு 2,300 மீட்டர் உயரம். பிப்ரவரியிலும் பனிமூட்டமும் குளிரும் பல்லைக் கிட்ட வைத்தன. செனேட்டோ பாதை வழியாக இறங்க இறங்க மூட்டம் விலகி, கீழே சோடா ஏரி வெள்ளையாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் ரோஸ் நிறக் கோடு போல ஃபிளமிங்கோக்கள். இறங்கியதும் வைல்ட்பீஸ்ட் என்கிற, மாடு மாதிரி இருக்கும் மான் கூட்டம். குட்டி போடும் காலம், பழுப்பு நிறக் குட்டிகள் தாய்களின் காலோடு ஒட்டி ஓடிக்கொண்டிருந்தன. பிறந்து சில நிமிஷங்களிலேயே எழுந்து நின்றுவிடுமாம். நிற்காவிட்டால் கழுதைப்புலிக்குத்தான்.

பத்து மணிக்கு மேல்தான் விஷயமே. அங்கே பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது. அதனால் சிங்கம் தூரத்தில் இருந்தால் தூரத்தில்தான். வெட்டவெளிப் புல்லில் மூன்று பெண் சிங்கங்கள் படுத்திருந்தன, சுற்றுவட்டாரத்தில் ஒரு மரம் இல்லை. எங்களுக்கு முன்னும் பின்னும் ஏழெட்டு வண்டிகள். அதில் ஒரு சிங்கம் எழுந்து, சோம்பல் முறித்து, நேராக எங்கள் வண்டியை நோக்கி நடந்து வந்தது. டிரைவர் "ஜன்னலை ஏற்றுங்கள், அசையாதீர்கள்" என்றார். அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, வண்டி நிழலில் தொப்பென்று விழுந்தது. கதவுத் தகரம் வழியாக அந்த அதிர்வு என் முழங்காலுக்கு வந்தது.

மேலே திறந்த கூரை வழியாக எட்டிப் பார்த்தால் நேர் கீழே அதன் வயிறு. மூச்சு வேகவேகமாக வாங்கியது, விலா எலும்பு ஏறி இறங்கியது. இடது காது நுனி கிழிந்து பழைய தழும்பு. மூக்கின் மேல் குறுக்காக ஒரு கீறல், அதில் காய்ந்த ரத்தம். கண் ஓரத்திலும் காதுக்குள்ளும் ஈக்கள். ஈ உட்காரும் இடத்தில் மட்டும் தோல் தனியாகத் துடிக்கும், கண் திறக்காது. பழைய மாமிச வாடை வண்டிக்குள் வரை வந்தது. ஜெர்மன்காரர் பாவம், இவ்வளவு கிட்டத்தில் அந்த லென்ஸுக்கு ஃபோகஸே ஆகவில்லை. கடைசியில் என் போனைக் கடன் வாங்கிப் படம் எடுத்தார்.

ஈயைப் பார்த்துத்தான் டிரைவர் அந்தக் கதையைத் தாழ்ந்த குரலில் சொன்னார். 1962ல் விடாத மழைக்குப் பிறகு, கடிக்கும் ஈக்கள் இந்தப் பள்ளத்தில் கொள்ளையாகப் பெருகினவாம். உடம்பெல்லாம் புண்ணாகி, வேட்டையாட முடியாமல், சிங்கங்கள் மரத்தில் ஏறியும் கழுதைப்புலி வளைக்குள் புகுந்தும் ஒளிந்திருக்கின்றன. கடைசியில் மிஞ்சியவை பத்து போல. வெளியிலிருந்து புதுச் சிங்கம் வந்து சேர்வதும் அபூர்வம். அதனால் இப்போது இருக்கிறவை அநேகமாக அந்தச் சிலவற்றின் வாரிசுகள்தான். ரத்தக் கலப்பு குறைவு என்பது இன்றைக்கும் கவலை.

எஞ்சினைப் போட முடியாது, வண்டியை நகர்த்தவும் முடியாது. அரை மணி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பாட்டிக்கு பாத்ரூம் போக வேண்டும். பேரன் முகம் வெளுத்துவிட்டது. பாட்டி ஜன்னல் பக்கம் குனிந்து, சிங்கத்திடம் குஜராத்தியில் ஏதோ நீளமாக முறையிட்டார். பேரன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான். அப்புறம் வழி விட்டது சூரியன்தான். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் நண்பகல் நெருங்க நெருங்க நிழல் வண்டிக்கு அடியிலேயே சுருங்கிவிடுகிறது. முதுகில் வெயில் பட்டதும் அம்மணி எழுந்து, எங்களைவிட உயரமான வண்டி ஒன்றைப் பார்த்து அங்கே போய்ப் படுத்தது. அந்த வண்டிக்காரர்கள் முதலில் கைதட்டினார்கள். எவ்வளவு நேரம் கைதட்டினார்களோ தெரியாது, நாங்கள் கிளம்பிவிட்டோம்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். ரேடியோவில் "அங்கே காண்டாமிருகம்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், எல்லா வண்டியும் புழுதி கிளப்பிக்கொண்டு பறக்கும். லிஸ்டில் டிக் அடிக்க வந்தவர்கள் கூட இருந்தால் டிரைவரும் பறக்கத்தான் வேண்டும். எங்கள் ஆட்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த ஸ்பெயின் அம்மா வரிக்குதிரைக்குக்கூடக் கால் மணி நேரம் நிறுத்தச் சொல்வார். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. போகப் போக நானே நிறுத்தச் சொல்ல ஆரம்பித்தேன்.

பாட்டியின் அவசரத்துக்கு ங்கொய்டோகிடோக் ஊற்றுக்கு விரைந்தோம். கழிப்பறை அங்கே உண்டு, சாப்பாடும் அங்கேதான். தண்ணீருக்குள் நீர்யானை முதுகுகள். வெளியே நின்று சாப்பிடாதீர்கள், பருந்து பிடுங்கும் என்று டிரைவர் சொல்லியிருந்தார். ஸ்பெயின்காரர் கேட்கவில்லை. கோழித்துண்டை வாய்க்குக் கொண்டுபோன கையிலிருந்தே பின்னாலிருந்து வந்து அள்ளிக்கொண்டு போனது, விரலில் ஒரு கீறல் மிச்சம். பாட்டி வண்டிக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தேப்லா ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட்டார். ஸ்பெயின்காரருக்கும் இரண்டு கொடுத்தார், உள்ளே வந்து சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மத்தியானத்துக்கு மேல் காண்டாமிருகமும் கிடைத்தது. கிடைத்தது என்றால், பைனாகுலரில் ஒரு கறுப்புப் புள்ளி. பாட்டி அதைப் பாறை என்று அடித்துச் சொன்னார். பாறை திரும்பிக் கொம்பைக் காட்டியது. 1960களில் இங்கே நூறுக்கு மேல் இருந்தவை, கொம்புக்காகச் சுட்டுத் தள்ளி 1990களின் நடுவில் பதினைந்துக்குள் வந்துவிட்டன. இப்போது காவலர்கள் இரவு பகலாகக் காவல் இருக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகி வருகின்றன.

ஆறு மணிக்குள் பள்ளத்தை விட்டு ஏறிவிட வேண்டும். லெராய் காட்டில் மஞ்சள் பட்டை வேல மரங்களுக்கு நடுவே ஒரு கிழட்டு ஆண் யானை பாதையை அடைத்து நின்றது, தந்தம் தரையைத் தொடுகிற நீளம். குட்டியுள்ள கூட்டங்கள் பெரும்பாலும் மேலேயே இருந்துவிடும், கீழே இறங்குவது இந்த மாதிரிக் கிழங்கள்தான். டிரைவர் கடிகாரத்தையும் யானையையும் மாறி மாறிப் பார்த்தார். நல்லவேளை, ஒதுங்கிக்கொண்டது. வாசலில் காவலர் காண்டாமிருகம் பார்த்தீர்களா என்று கேட்க, பாட்டி ஸ்வாஹிலியில் ஏதோ சொன்னார். காவலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதையும் பேரன் மொழிபெயர்க்கவில்லை.