தீர்ப்பிடாதே (மத்தேயு 7:1) என்று இயேசு சொன்னால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா? உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

கரையோரப் பங்கு:

தவக்காலம் தொடங்கினால் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் சோதனை, பாவம் என்று பிரசங்கம் நடக்கும், பூசை முடிந்து வெளியே வந்ததும் மற்றவன் பாவத்தைப் பற்றிய கதை தொடங்கும். இது எனக்கு நெடுநாள் மனவருத்தம். ஆனால் எங்கள் பங்கில் (கோயில் வட்டாரத்தில்) ஒருமுறை வேறு மாதிரி நடந்தது. சம்பந்தப்பட்ட பெடியனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

திருநாள் காசு அவன் பொறுப்பில் இருந்தது. போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டும் பழக்கம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. முதலில் ஒரு சின்னத் தொகை, பின்னேரமே திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்திருக்கிறான், அது போனதும் அதை மீட்க இன்னொன்று, அப்படியே போய்க் கடைசியில் பெட்டியில் ஒன்றுமில்லை. யாக்கோபு 1:14, 15 வசனங்களை வாசித்தால் இதே வரிசைதான்: சொந்த ஆசை இழுக்கிறது, ஆசை கருத்தரித்துப் பாவத்தைப் பெறுகிறது, பாவம் முற்றிச் சாவைப் பெறுகிறது. கடவுள் என்னைச் சோதித்தார் என்று சொல்ல யாக்கோபு விடவில்லை, அந்த இடத்தில் பிசாசின் பெயரைக்கூட எடுக்கவில்லை.

அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அயல் குடும்பங்கள் கூடுவது) ஒரே சத்தம். பூசை முடிவில் பெயரை வாசிக்க வேண்டும் என்றார்கள் சிலர். எங்கள் பழைய மூப்பர் ஒருவர் எழும்பி, "உங்களில் ஆராவது அவனிட்டைப் போய்க் கதைச்சனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். ஒருவரும் போகவில்லை. அன்றிரவே அவர் தனியாகப் போனார். போய், தான் வாலிபத்தில் மீனவர் சங்கக் காசில் கைவைத்ததையும் அதை எப்படிக் கட்டி முடித்தார் என்பதையும்தான் முதலில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் பெடியன் வாய் திறந்தானாம். ஒருவன் விழுந்தால் சாந்தத்தோடு அவனைத் திருத்துங்கள், நீயும் சோதனைக்குள் விழாதபடி கவனமாயிரு என்று கலாத்தியர் 6:1 சொல்கிறதே, அதை அவர் அப்படியே செய்தார்.

காசைத் தொழிலுக்குப் போய்க் கிழமைக்குக் கிழமை கட்ட ஒழுங்கு செய்தார். ஆனால் கணக்குக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "மன்னிச்சாச்சு தம்பி, ஆனா கொப்பி இப்ப வேண்டாம், அது உனக்குச் சோதனை" என்றாராம். இந்த இடத்தை நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவனைக் கள்ளன் என்று முத்திரை குத்தவில்லை, அதற்காக நடந்ததை ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை. மத்தேயு 7:5ஐ ஆட்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். உன் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுத்த பிறகு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கலாம் என்றுதான் அந்த வசனம் முடிகிறது. துரும்பு அப்படியே கிடக்கட்டும் என்று இயேசு சொல்லவில்லை.

உடுவில் அக்கா:

நாங்கள் தென்னிந்தியத் திருச்சபை. கலியாணம் ஆகாத ஒரு பிள்ளை கர்ப்பமான நேரம் ஞாயிறு பாடசாலையிலிருந்து அவளை நிறுத்த வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். அங்கே என் மாமி கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பெடியன் எங்கை?" அவன் அடுத்த ஞாயிறும் முன்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தான்! யோவான் 8இல் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவிடம் கொண்டுவந்த கதையிலும் இதுதானே. லேவியர் 20:10 இரண்டு பேரையும் சொல்கிறது, அவர்கள் இழுத்து வந்ததோ பெண்ணை மட்டும். இயேசு அவளைத் தண்டனைக்குத் தீர்ப்பிடவில்லை, போ, இனிப் பாவம் செய்யாதே என்றும் சொன்னார். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் முதல் பாதியை மறப்பார்கள், மற்றப் பாதிப்பேர் இரண்டாவதை மறப்பார்கள். அந்தப் பிள்ளை பிறகு எங்கள் சபைக்கு வரவே இல்லை, வேறு சபைக்குப் போய்விட்டாள். எனக்கு இன்றைக்கும் அந்தரமாக இருக்கிறது.

ஆனைக்கோட்டை:

மூப்பர் செய்தது சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் இதைப் பொருத்தாதீர்கள். நான் கண்டது வேறு. ஒரு விடுதியில் பொறுப்பாளர் பிள்ளைகளிடம் தப்பாக நடந்தார். முறையிடப் போன தாயிடம் "தீர்ப்பிடாதேயுங்கோ, செபியுங்கோ" என்றே சொல்லி அனுப்பினார்கள். மத்தேயு 18இல் தனியே போய்ச் சொல் என்பது 15ஆம் வசனம். அதற்கு முன்பே, 6ஆம் வசனத்தில், சிறியவர்களை இடறச் செய்கிறவனைப் பற்றித் திரிகைக் கல்லைக் கழுத்தில் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்று இயேசு சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு நடந்தால் அது பொலிசுக்குப் போகவேண்டிய குற்றம். தனியாகப் பேசித் தீர்க்கிற காரியமே இல்லை.

கரையோரப் பங்கு:

ஆனைக்கோட்டை அண்ணை சொன்னதில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். பேசாமல் இருந்து குற்றவாளியைக் காப்பாற்றுவதற்கு தீர்ப்பிடாதே என்ற வசனத்தை எடுப்பது பெரிய அநியாயம். 15ஆம் வசனத்தோடு இயேசு நிற்கவும் இல்லையே, கேட்காவிட்டால் இரண்டொருவரோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்றுதான் போகிறது.

பெடியன் இப்போது எப்படி என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: காசு இன்னும் கட்டுகிறான். சிலர் இன்னும் அவனோடு கதைப்பதில்லை. பந்தயச் செயலியை அழித்துவிட்டான், இரவில் போனைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் படுக்கிறான். சோதனையோடு தப்பிக்கொள்ளும் வழியையும் கடவுள் தருவார் என்று 1 கொரிந்தியர் 10:13இல் இருக்கிறது, அவனுக்கு இப்போதைக்கு அந்த வழி தாயின் தலையணைக்கு அடியில்தான். ஆனாலும் மேட்ச் நடக்கும் நாட்களில் கை நடுங்குகிறது என்கிறான். இந்தப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் யாராவது இருந்தால் எப்படி மீண்டீர்கள் என்று எழுதுங்கள், அவனுக்குக் காட்ட வேண்டும்.