செம்மறி பார்க்க ஆள் வைத்தவர்கள் சொல்லுங்கள்: சான்றிதழ், கூலி, ஏமாந்த கதை

பழைய கிராணி, சுங்கை சிப்புட்

தோட்ட ஆபீசில் 31 ஆண்டு கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கையில் 3 ஏக்கர் செம்பனை இருக்கிறது. மரத்தடியில் புல் சும்மா முளைத்துக் கிடக்கிறதே என்று போன வருடம் 18 செம்மறி வாங்கினேன். டோர்ப்பரும் பார்படாஸும் கலந்த இனம், ஒன்று 900 வெள்ளி (ரிங்கிட்). எனக்கு ஆடு என்றால் முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாதான் தெரியும். மகனோ பினாங்கில் வேலை. அதனால் பேஸ்புக்கில் ‘பண்ணைப் பராமரிப்பு’ என்று விளம்பரம் போட்டிருந்த ஒருவரை அழைத்தேன்.

வாரம் இரண்டு முறை வருவார். குளம்பு வெட்டுவது, பூச்சி மருந்து, தீவனம் எல்லாம் அவர் பொறுப்பு. மாதம் 350 வெள்ளி. முதல் நாளே லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றைக் காட்டினார். மைகேப் (மலேசிய நல்ல வேளாண் நடைமுறைச் சான்று) முத்திரை, கால்நடைத் துறையின் எழுத்து, எல்லாம் சரியாக இருந்தது. காகிதத்தோடே காலம் தள்ளிய நான் முத்திரையைப் பார்த்தேனே தவிர, அதில் இருந்த பெயரைப் படிக்கவில்லை.

அது அவர் முன்பு கூலிக்கு இருந்த பண்ணையின் சான்றிதழ். மைகேப் பண்ணைக்குத் தருவது, ஆளுக்குத் தருவதல்ல. கொட்டகை, தண்ணீர், மருந்துப் பதிவேடு இவற்றையெல்லாம் துறையினர் வந்து பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். 2013-க்கு முன் இதையே ‘சால்ட்’ என்றார்கள். அந்தப் பண்ணை சுத்தமாக இருந்தது என்பதற்கு அது சாட்சி. இவருக்குச் செம்மறி தெரியும் என்பதற்கு அது எப்படிச் சாட்சியாகும்?

தெரியவில்லை என்பது நான்காம் மாதம் புரிந்தது. ஒரு ஆடு காலையில் தலை தொங்கி நின்றது. கண் மஞ்சள். மூத்திரம் கறுப்புக் கோப்பி மாதிரி. மறுநாள் செத்தது. அந்த வாரத்துக்குள் மொத்தம் ஐந்து. பராமரிப்புக்காரர் “காற்று சேரவில்லை ஐயா” என்றார். ஒன்றை வண்டியில் போட்டு ஈப்போ கால்நடை ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அறுத்துப் பார்த்துவிட்டு, செம்பு நஞ்சு என்றார்கள். அவர் அள்ளிப் போட்டது பி.கே.சி., அதாவது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. அதில் செம்பு உண்டு. மாடு தாங்கும், வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறியின் ஈரல் மட்டும் அதை வெளியே தள்ளத் தெரியாமல் மாதக்கணக்கில் சேர்த்து வைத்து, ஒருநாள் மொத்தமாக இரத்தத்தில் விட்டுவிடும். அந்த மனிதர் பழகியதெல்லாம் வெள்ளாட்டுப் பண்ணையில். இரண்டும் ஆடுதானே என்று நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன், அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

4,500 வெள்ளி போனது. நீங்கள் எல்லாம் ஆளை எப்படிப் பார்த்து எடுக்கிறீர்கள்? எவ்வளவு கொடுக்கிறீர்கள்?

லோரிக்காரன், பாடாங் ரெங்காஸ்

ஐயா, அந்த 350-இல் மருந்து சேர்த்தியா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில். என்னிடம் ஒருவர் தலைக்கு 6 வெள்ளி என்று பேசினார். 22 உருப்படி, மலிவு என்று தலையாட்டினேன். பில் வந்தபோது குளம்பு தனி, மருந்து தனி, பெட்ரோல் தனி. போதாததற்கு ‘பிடிக்கும் கூலி’ என்று 40 வெள்ளி. ஆட்டைப் பிடித்ததே நானும் என் மச்சானும்தான்! இப்போது யார் வந்தாலும் மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லி, பெயரையும் அளவையும் என் கண்முன்னே நோட்டில் எழுதச் சொல்கிறேன். எழுதமாட்டேன் என்றால் வாசலோடு சரி.

கமுந்திங் அக்கா

எனக்கு நடந்தது வேறு. ‘டாக்டர்’ என்று ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பெட்டி, ஊசி எல்லாம் உண்டு. ஒரு தடவைக்கு 120 வெள்ளி. மூன்று முறை வந்து எல்லா ஆட்டுக்கும் பூச்சி மருந்து போட்டும் ஆடுகள் மெலிந்துகொண்டே வந்தன. என் தங்கை மகள்தான் “பெரியம்மா, அவர் பதிவு செய்த டாக்டரா?” என்று கேட்டாள். இந்த நாட்டில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசிய கால்நடை மருத்துவர் மன்றத்தில் பதிவு இருக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அவரிடம் கேட்டேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை, போனும் எடுக்கவில்லை. ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனை ஆளாக இருந்தவராம்.

பிறகு வந்த அம்மா உண்மையான டாக்டர். 180 வெள்ளி வாங்கினார், வந்து போகும் செலவோடு. பக்கத்து இரண்டு வீட்டு ஆடுகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். அவர் முதலில் ஊசியே எடுக்கவில்லை. கீழ் இமையை இழுத்து உள்ளே நிறம் பார்த்தார். சிவப்பாக இருந்தால் விட்டுவிடு, வெளுத்திருந்தால் மட்டும் மருந்து கொடு என்றார். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் வயிற்றுப்புழு அதற்குப் பழகிவிடுமாம். எனக்கு நடந்ததும் அதுதான். அந்த இமை பார்க்கும் வேலையை இப்போது நானே செய்கிறேன், ஒரு காசு செலவில்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்து டிரெசரே (மருந்து உதவியாளர்) லயத்துப் பிள்ளைகளுக்கும் மருந்து கொடுப்பார், ஆட்டுக்கும் கொடுப்பார். யார் சான்றிதழ் கேட்டோம்?

லயத்துப் பையன்

அக்கா சொல்வது சரி. ஆனால் எல்லாருமே காகிதத்தைப் பற்றிப் பேசுகிறீர்களே! எங்கள் கூட்டாளி ஒருவரிடம் எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) மூன்றாம் நிலை இருக்கிறது. நல்ல பையன்தான், ஆனால் குட்டி குறுக்கே மாட்டிய இரவு கை நடுங்கியது. கடைசியில் கைவிட்டு எடுத்தவர் பக்கத்துத் தோட்டத்து மண்டோர் (கங்காணி). அவரிடம் ஓட்டுநர் உரிமத்தைத் தவிர ஒரு காகிதமும் கிடையாது. 50 வெள்ளி நீட்டினேன், வாங்கவில்லை.

இன்னொன்று. ஜொகூரிலிருந்து ஆடு இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவரும் பெர்மிட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விலை குறைவாகத்தான் இருக்கும். நோயும் அதே லோரியில் வரும்.

பழைய கிராணி, சுங்கை சிப்புட்

லோரிக்காரத் தம்பி, 350-இல் மருந்து சேர்த்தி இல்லை. நான்கு மாதத்துக்கு மருந்தும் தீவனமுமாக இன்னும் 760 போனது. நோட்டும் எழுதவில்லை.

மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் விசாரித்து, செம்மறி வளர்ப்பவர் ஒருவர் இப்போது வருகிறார். மாதம் இரண்டே முறை, ஒரு தடவைக்கு 90. சான்றிதழை அவராக நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. “என்ன தீவனம் போடுவீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். “முதலில் இந்தப் புண்ணாக்கு மூட்டையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்” என்றார். பின்வீட்டு மாட்டுக்காரர் எடுத்துப் போனார், பதிலுக்குத் தினமும் அரை லிட்டர் பால். மீதி 13-இல் இரண்டு சினையாக இருக்கின்றன. ஐந்து மாதக் கணக்குப்படி தைப்பூசத்துக்கு முன்னே பின்னே ஈனும். மண்டோர் எந்தத் தோட்டம் என்று அந்தத் தம்பி கொஞ்சம் சொன்னால் நல்லது.