டெல்லி சாணக்கியபுரி சான் மார்ட்டின் மார்க் (சாலை): யார் இந்த சான் மார்ட்டின், ஏன் பாதியில் விலகினார்?

கேள்வி (ஆர்.கே.புரம்): ஸ்பெயினிடமிருந்து பெரு நாட்டுக்கு விடுதலை அறிவித்த அர்ஜென்டினா தளபதி சான் மார்ட்டின் அடுத்த வருஷமே பதவியை விட்டுவிட்டாராமே? வடக்கே விடுதலைப் போரை நடத்திய பொலிவாருக்குப் பயந்தா?

பதில் 1: பயம் என்பது சரியில்லை சார். முதலில் அவர் போட்ட கணக்கைப் பாருங்கள். பொலிவியா மலைவழியாகப் பெருவுக்குப் போன விடுதலைப் படைகள் மூன்று முறை தோற்றன. கடைசி அடி 1815இல். அதனால் ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாண்டி சிலி, அங்கிருந்து கப்பலில் பெருவின் தலைநகர் லிமா என்று முடிவெடுத்தார். 1817 ஜனவரியில் அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலிருந்து சுமார் 5,000 பேர் கிளம்பினார்கள். கணவாய்கள் 4,000 மீட்டருக்கு மேல். மூச்சுத்திணறலுக்கு வெங்காயமும் பூண்டும், சாப்பாட்டுக்கு மிளகாய் சேர்த்து இடித்த உப்புக்கண்டம். குளிரிலும் தீவனம் இல்லாமலும் குதிரைகளில் பாதிக்கு மேல் செத்தன. கோவேறு கழுதைகள்தான் காப்பாற்றின. எதிரி எங்கே காப்பது என்று தெரியாமல் சிதறட்டும் என்றே ஆறு வழிகளில் அனுப்பினார். பிப்ரவரி 12, சிலியின் சாக்காபுக்கோவில் வெற்றி.

பதில் 2: விலகல் பற்றி: 1822 ஜூலையில் குவயாக்கில் துறைமுகத்தில் (இன்றைய ஈக்வடார்) பொலிவாரைச் சந்தித்தபோது கூட யாரும் இல்லை, பேசியது என்ன என்பதில் இன்றும் சண்டை. ஆனால் நிலைமை தெளிவு. அந்தத் துறைமுகம் ஏற்கெனவே பொலிவார் கையில். லிமாவில் சான் மார்ட்டினுடைய அமைச்சர் மோண்டெயாகுதோவை விரட்டிவிட்டார்கள். மலைப்பகுதியில் ஸ்பானியப் படை அப்படியே இருந்தது. பொலிவார் தரும் உதவிப்படை போதாது என்றானதும் செப்டம்பர் 20இல் விலகினார். இரண்டு தலைமை இருந்தால் போர் இழுக்கும் என்பதை உணர்ந்த பெரிய மனசு அது.

கேள்வி கேட்டவர்: பிறகு?

பதில் 1: ஐரோப்பா போய்விட்டார். 1850இல் பிரான்சில் மறைவு. 1880இல்தான் உடல் பியூனஸ் அயர்ஸ் வந்தது.