பேட்ஜ் இல்லாத டிரைவர், 5 லட்சத்துக்குக் கையெழுத்து: போடலாமா?

செஞ்சிக்கோட்டை:
எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவர், வயது 38. திண்டிவனம் பக்கம் பைக்கில் போனபோது டாடா ஏஸ் சரக்கு வண்டி மோதி இறந்துவிட்டார். 4 மாதம் ஆகிறது. மனைவி, 2 பிள்ளைகள், அம்மா இருக்கிறார்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆனால் டிரைவரிடம் கார் லைசென்ஸ் மட்டும்தான், சரக்கு, வாடகை வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதியான பேட்ஜ் இல்லை. "அதனால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்காது, யார் தப்பு என்று பார்க்காமல் 5 லட்சம் தரும் பிரிவு இருக்கிறது, கையெழுத்து போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். இறந்தவர் ஹெல்மெட் போடவில்லை என்பதையும் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அவருடைய மனைவி என்ன செய்வது?

எம்சிஓபி கயல்:
முதலில், எதிலும் கையெழுத்து போட வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள் சார்.

அவர்கள் சொல்லும் 5 லட்சம் மோட்டார் வாகனச் சட்டம் 164ஆம் பிரிவு. மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை என்பது உண்மைதான். மறைப்பது வேறு ஒன்றை: 164இன் கீழ்த் தொகையை ஏற்றுக்கொண்டால், 166இல் போடும் முழு இழப்பீட்டு மனு அத்தோடு காலாவதியாகிவிடும். தவறை நிரூபிக்க எந்த ஆதாரமும் இல்லாதவர்களுக்குத்தான் 164 பொருத்தம். இங்கே வண்டி தெரியும், டிரைவர் தெரியும், எஃப்.ஐ.ஆர். இருக்கிறது.

பேட்ஜ் விஷயம் முடிந்துபோன வாதம். 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2024 நவம்பரில் 5 நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம். டாடா ஏஸ் அந்த வரம்புக்கு வெகு கீழே. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் தேவையில்லை, அந்தக் கதையையும் நாளைக்குக் கொண்டுவருவார்கள்.

லைசென்ஸே இல்லாத டிரைவர் என்றாலும், மூன்றாம் நபர் (வண்டிக்கு வெளியே இருந்து பாதிக்கப்பட்டவர்) வழக்குகளில் கம்பெனி முதலில் கட்டிவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் வழக்கமாக உத்தரவிடும்.

தென்பெண்ணை:
கயல் சொன்னதோடு கணக்கையும் பார்த்துவிடுங்கள், எதை விடச் சொல்கிறார்கள் என்று அப்போதுதான் புரியும்.

மாத வருமானம் 18,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால்: சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே, அதனால் எதிர்கால உயர்வுக்கு 40% சேர்த்து 25,200. சார்ந்திருப்போர் 4 முதல் 6 பேர் என்றால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிப்பார்கள், மீதி 18,900. ஆண்டுக்கு 2,26,800. வயது 36-40க்குப் பெருக்கு எண் (ஆண்டுத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்பது) 15. ஆக 34,02,000. இதற்கு மேல் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் உறவு இழப்பு (2017இல் 40,000, 3 ஆண்டுக்கு ஒருமுறை 10% கூடும்), ஈமச்சடங்குச் செலவு, வட்டி. 5 லட்சம் எங்கே, இது எங்கே!

கணக்கு சரிவது எப்போதும் அந்த 18,000இல்தான். சம்பளச் சீட்டு இல்லாத தொழிலாளிக்குத் தீர்ப்பாயமே ஒரு தொகையை ஊகித்துக்கொள்ளும், அது குறைவாகத்தான் இருக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, பேங்க் பாஸ்புக், கடைசியாக வேலை கொடுத்தவரின் கூலிக் கணக்கு எல்லாவற்றையும் இப்போதே திரட்டுங்கள். வேலை கொடுத்தவர் கூண்டேறிச் சாட்சி சொன்னால்தான் அந்தக் கணக்குக்கு எடை. வயதுக்கு பள்ளிச் சான்றோ ஆதாரோ வையுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உத்தேசமாக 42 என்று எழுதியிருந்து வேறு ஆதாரம் இல்லாவிட்டால் பெருக்கு எண் 14 ஆகும், எதிர்கால உயர்வும் 25% ஆகக் குறையும்.

ஹெல்மெட் இல்லாததால் விபத்து நடக்காது. தலைக்காயத்தால் மரணம் என்றால் ஒரு சிறு பங்கைக் கழிக்கலாம், மனு தள்ளுபடி ஆகாது.

எம்சிஓபி கயல்:
காலக்கெடு சொல்ல மறந்துவிட்டேன். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இவர்களுக்கு 2 மாதம்தான் மிச்சம். போலீஸ் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் விரிவான விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள்.

மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை, குடும்பம் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். எஃப்.ஐ.ஆர்., ரஃப் ஸ்கெட்ச் (விபத்து இடத்தின் வரைபடம்), எம்.வி.ஐ. (மோட்டார் வாகன ஆய்வாளர்) ரிப்போர்ட், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, ஆர்.சி., பாலிசி நகல் வேண்டும். போலீஸ் ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலேயே கட்டணம் கட்டி எடுக்கலாம். பாலிசியில் தேதியை மட்டும் பார்க்காமல் தொடங்கிய மணியையும் பாருங்கள். விபத்துக்குப் பிறகு அதே நாளில் எடுத்த பாலிசி உதவாது.

செஞ்சிக்கோட்டை:
மிக்க நன்றி. இன்னொன்று. அதே டாடா ஏஸின் பின்னால் உட்கார்ந்து வந்த ஒருவருக்கும் கால் முறிந்திருக்கிறது. அவரும் சேர்ந்து மனு போடலாமா?

தென்பெண்ணை:
அது தனி மனு, சிக்கலும் தனி. சரக்கு வண்டியில் சும்மா தொற்றிக்கொண்டு வந்தவருக்குக் சட்டப்படி எடுத்தே ஆக வேண்டிய கட்டாய பாலிசி பொருந்தாது, 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவர் உரிமையாளரைத்தான் துரத்த வேண்டியிருக்கும். ஆனால் ஏற்றிய சரக்கின் சொந்தக்காரராகவோ அவர் அனுப்பிய ஆளாகவோ வந்திருந்தால் பாலிசி பொறுப்பேற்கும். வண்டிக்காரரின் லோடுமேன் என்றால் தொழிலாளர் இழப்பீட்டு அளவுக்காவது கிடைக்கும். அவர் எதற்காக வண்டியில் வந்தார் என்று எஃப்.ஐ.ஆரிலும் ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். "லிஃப்ட் கேட்டு ஏறினார்" என்று இருந்தால், பிறகு லோடுமேன் என்று சொல்வதைக் குறுக்கு விசாரணையில் உடைத்துவிடுவார்கள்.