எம்ஆர்ஐ ரிப்போர்ட் நார்மல்னா அல்சைமர் இல்லைனு அர்த்தமா?

தூக்கம்வரலை: அம்மாவுக்கு 71 வயசு, ஒரே கேள்விய பத்து நிமிஷத்துல நாலு தடவ கேக்குறாங்க, கேஸ் அடுப்ப அணைக்க மறந்துடுறாங்க. எம்ஆர்ஐ எடுத்தோம், "வயதுக்கேற்ற சுருக்கம்"னு மட்டும் போட்டிருக்கு. நிம்மதியா இருக்கலாமா?

ஸ்கேன்ரூம்காரன்: அவசரப்படாதீங்க. எம்ஆர்ஐ காட்டுறது மூளையோட வடிவத்த, அல்சைமர்ல மூளையில சேர்ற அமிலாய்டுங்குற புரதப் படிவு அதுல தெரியாது, அதுக்கு பெட் ஸ்கேன், முதுகுத்தண்டு நீர் டெஸ்ட் மாதிரி வேற டெஸ்ட் வேணும். ஆரம்பத்துல படம் நார்மலா இருந்தும் அல்சைமர் இருக்கலாம். ரேடியாலஜிஸ்ட் முக்கியமா பாக்குறது ஹிப்போகேம்பஸ், அதாவது ஞாபகத்துக்கான மூளைப் பகுதி, அது சுருங்கினா பக்கத்துல இருக்குற நீர் அறை அகலமாகும், அத 0லருந்து 4 வரைக்கும் மார்க் போடுவாங்க. அந்த மார்க்குக்குப் பேர்தான் எம்டிஏ ஸ்கோர், உங்க ரிப்போர்ட்ல அது இருக்கானு பாருங்க, இல்லன்னா கேட்டு வாங்குங்க.

தூக்கம்வரலை: அப்படி எதுவும் இல்லைங்க. அப்ப எடுத்தது வேஸ்ட்டா?

மாமாவபாத்துக்கிட்டவ: வேஸ்ட்டே இல்ல! எங்க மாமாவுக்கு மறதினு போய் எடுத்தா மண்டையோட்டுக்கு அடியில ரத்தக்கட்டு, எப்பவோ வழுக்கி விழுந்தது, ஆபரேஷன் பண்ணதும் ஆள் பழையபடி ஆயிட்டார். கட்டி, மூளையில நீர் தேங்குறது இதெல்லாம் இல்லைனு தெரிஞ்சதே பெரிய விஷயம். பி12, தைராய்டு குறைஞ்சாலும் மறதி வரும், அதெல்லாம் பாத்தாச்சா?

ஸ்கேன்ரூம்காரன்: சரியா சொன்னீங்க. பார்க்கின்சன்லயும் சாதா எம்ஆர்ஐ பெரும்பாலும் நார்மலாத்தான் வரும். நியூராலஜிஸ்ட்கிட்ட 30 மார்க் ஞாபக டெஸ்ட் பண்ண சொல்லுங்க, அப்புறம் அந்த ஃபிலிம், சிடி எதையும் தூக்கிப் போடாதீங்க, அடுத்த வருஷம் திரும்ப எடுத்தா ஒப்பிட்டுப் பாக்க அதுதான் உதவும்.